புல்லி மாற்றியாயிற்று, பெட்ரோல் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் 2003 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப் வைத்திருக்கிறேன். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) மாட்டியதில் பூஸ்ட், அதாவது அந்தக் காற்றின் அழுத்தம், 8 பிஎஸ்ஐயிலிருந்து 12க்கு ஏறிவிட்டது. முழுசாக மிதித்தால் 4,500 ஆர்பிஎம் தாண்டியதும் டக்டக்கென்று சத்தம் வருகிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை 60 பவுண்டு அளவுக்கு மாற்றினால் சரியாகுமா? டியூன் (என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) அப்புறம் செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் பழைய புல்லியைத் திரும்ப மாட்டுங்கள். அந்தச் சத்தம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுமீறி வெடிப்பது. கேட்டுக்கொண்டே இன்னும் பத்து முறை மிதித்தால் பிஸ்டன் போய்விடும்.

கணக்கு எளிது: காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். உங்கள் வண்டியில் கம்பெனி போட்டது மணிக்கு 42 பவுண்டு பெட்ரோல் தரும் இன்ஜெக்டர்கள், 8 சிலிண்டருக்கு 8. அவற்றை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. ஆக மணிக்குச் சுமார் 285 பவுண்டு. சூப்பர்சார்ஜர் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 முதல் 0.65 பவுண்டு வரை குடிக்கும். எப்படிப் பார்த்தாலும் 440, 475 குதிரைத்திறனில் கதை முடிந்தது. வண்டி வெளிவந்தபோது அதன் திறன் 380; புல்லி மாற்றிய பிறகு எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். 60 பவுண்டு இன்ஜெக்டர் சரியான தேர்வுதான். ஆனால் அது மட்டும் போதாது.

இன்ஜெக்டர் வெறும் குழாய்முனை. பின்னால் பம்ப் தள்ளினால்தான் அதிலிருந்து பெட்ரோல் வரும். ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டு (சிலிண்டருக்குக் காற்று போகும் பாதை) அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 40 பிஎஸ்ஐயில் நிற்க வேண்டும். பம்ப் திணறி அது 30க்கு இறங்கினால் பெட்ரோல் 13 சதவீதம் குறையும். 11.8 இருந்த காற்று-பெட்ரோல் விகிதம் 13.6 ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. பூஸ்டில் இது நெருப்போடு விளையாடுவது.

எனவே புதுப் பம்ப் வாங்கும் முன் லாக் (ஓடும்போது அளவுகளின் பதிவு) எடுங்கள். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறன் அளக்கும் இயந்திரம்) ஏற்றி, ரெயில் அழுத்தத்தையும், பம்புக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் பம்ப் டிரைவர் மாட்யூலுக்குள் வரும் வோல்டேஜையும் சேர்த்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வண்டியில் பேட்டரியில் 13.8 வோல்ட், மாட்யூல் வாசலில் 11.7. கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் பச்சைப் பாசி பிடித்தது போல இருந்தது. அதைச் சரிசெய்து தடித்த ஒயர் இழுத்ததும் பாதிப் பிரச்சினை ஓய்ந்தது. பம்ப் பழசாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். டேங்கில் இருப்பது இரண்டு, இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் சூடான காற்றைத் தண்ணீரால் ஆற்றும் இன்டர்கூலரின் பம்பை மறக்காதீர்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது இன்டர்கூலர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீர் சுழன்று அலைய வேண்டும். அசையாமல் நின்றால் சூடான காற்றுதான் உள்ளே போகிறது, அதுவும் நாக்கிங்குக்குக் காரணம்.

டியூனை அப்புறம் என்று தள்ள முடியாது. கம்ப்யூட்டர் இன்னும் 42 பவுண்டு என்றுதான் நம்பிக்கொண்டிருக்கும். 60ஐ மாட்டி அப்படியே ஓட்டினால் மெதுவாகப் போகையில் தன்னால் முடிந்த அளவு குறைத்துப் பார்க்கும்; முழு மிதியில் அந்தத் திருத்தமும் இல்லை. பெட்ரோல் கொட்டி, பிளக் கறுத்து, சிலிண்டர் சுவரின் ஆயிலையும் கழுவிவிடும். டியூனரிடம் இன்ஜெக்டரோடு வந்த டேட்டா ஷீட்டைக் கொடுங்கள். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ மீட்டர் 5 வோல்ட்டைத் தொடுகிறதா என்றும் கேளுங்கள். தொட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் காற்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. பூஸ்டில் விகிதம் 11.5, 11.8 பக்கம் இருக்கட்டும். இக்னிஷன் டைமிங்கை நீங்கள் எப்போதும் போடும் பெட்ரோலுக்கே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோல்தான் கிடைக்கும் என்றால் 93க்குச் செய்த டியூன் உதவாது.

இந்த என்ஜினில் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்தான் பலவீனமான இடம். 12 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

டியூன் முடிந்து நூறு மைல் ஓட்டியதும், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல அல்லது வெள்ளித் துகள் போல ஏதாவது தெரிந்தால் வண்டியை டியூனரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) அவசியம். பிளக் பொருந்தும் இந்த சிலிண்டர் ஹெட்டில் மரை குறைவு, சரியாக முறுக்காத பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.