மேடு வந்தால் மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது?

எனக்கு 44 வயது, 83 கிலோ. ஏழு மாதமாக ஒரு நாளும் விடாமல் பின்னேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவுடன் கதைத்துக்கொண்டு உப்புவெளிக் கடற்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். பாவாடை இடுப்பில் இரண்டு விரல் தளர்ந்திருக்கிறது. ஆனால் போன வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு எடுத்தேன். எழுபது தாண்டிய மாமி எனக்கு முன்னே போய்விட்டார். நடந்ததெல்லாம் வீண்தானா?
– வாசகி, உப்புவெளி

வீண் இல்லை, தங்கச்சி. அந்த இரண்டு விரல் தளர்வைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புத்தான் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வழி விடுவது. அது இறங்கத் தொடங்கியிருக்கிறது. தையல் நாடா ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் வருவது நல்லது.

ஆனால் இடுப்பு ஒரு கணக்கு, மூச்சு வேறு கணக்கு. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ‘கதைத்துக்கொண்டு’ என்ற சொல். முக்கால் மணி நேரமும் கதை அறாமல் நடக்க முடிகிறது என்றால் உங்கள் நெஞ்சுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. முதல் மாதம் இருந்திருக்கும். பிறகு உடம்பு பழகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. நீங்கள் நடப்பதோ 315 நிமிடம். நேரத்தில் குறையே இல்லை. குறை வேகத்தில்.

இதயமும் ஒரு தசைதான். ஒரு துடிப்பில் அது எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, வந்த இரத்தத்திலிருந்து தொடைத் தசை எவ்வளவு ஒட்சிசனை எடுக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் தென்பு என்கிறோம். தட்டையான மணலில் அந்தத் தென்பு சோதிக்கப்படுவதில்லை. கோட்டை வாசல் தாண்டி, மான்கள் நிற்கும் இடத்தையும் கடந்து வீதி ஏறத் தொடங்கும்போது சோதிக்கப்படுகிறது.

கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2015 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. வயிறு பெருத்த 300 பேர், 24 கிழமை. ஒரு கூட்டத்துக்குப் பயிற்சி இல்லை. மற்ற மூன்று கூட்டமும் கிழமைக்கு ஐந்து நாள் நடைப்பொறியில் நடந்தார்கள். முதல் கூட்டம் மெதுவாக அரை மணி நேரம், இரண்டாவது மெதுவாக ஒரு மணி நேரம், மூன்றாவது கடுமையாகச் சுமார் 40 நிமிடம். இரண்டாவதும் மூன்றாவதும் செலவழித்த சக்தி ஒன்றுதான். மூன்று கூட்டத்துக்கும் இடுப்பு ஏறக்குறைய ஒரே அளவில், நான்கைந்து சென்ரிமீற்றர், குறைந்தது. மூச்சில்தான் பிரிந்தார்கள். ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 38 பேர் என்ற அளவில் தென்பு கூடவே இல்லை. இரண்டாவதில் அது 18 ஆகக் குறைந்தது. கடுமையாக நடந்த கூட்டத்தில் கூடாதவர் ஒருவரும் இல்லை. சீனிக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தச் சீனி அளவும் இந்தக் கூட்டத்துக்கு மட்டுமே இறங்கியது.

ஆகவே அக்காவுடன் நடக்கும் நாட்களை விடாதீர்கள். அதில் இரண்டு நாளை மட்டும் மாற்றுங்கள். பத்து நிமிடம் வழமைபோல நடந்து உடம்பு சூடேறியதும் ஒரு நிமிடம் எட்டி நடங்கள், பிறகு இரண்டு நிமிடம் ஆறுதலாக. முதல் கிழமை இப்படி நான்கு தரம் போதும். பிறகு ஆறு, எட்டு என்று கூட்டலாம். வேகம் சரியா என்று அறியக் கடைக்குச் சொல்லும் சாமான்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “அரைக் கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, தேங்காய் இரண்டு.” ஒரே மூச்சில் முடிந்தால் இன்னும் எட்டுங்கள். பருப்போடு மூச்சு இழுக்க வேண்டி வந்தால் அதுதான் சரியான இடம். ஒரு சொல்கூட வராவிட்டால் குறையுங்கள். காய்ந்த மணலில் கால் புதைவது கெண்டைக்காலைப் பிடிக்கும், ஈர மணலில் நடங்கள். ஒரு மாதம் போனதும் ஒரு நாளை உவர்மலை ஏற்றத்துக்கு மாற்றலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் நோவு, தலைச்சுற்று, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனிக்கோ பிரஷருக்கோ குளிசை எடுப்பவர் என்றால் வேகம் கூட்டும் முன் கிளினிக்கில் கேளுங்கள். சில பிரஷர் குளிசைகள் நாடித் துடிப்பை ஏற விடாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பாமல் பருப்பு, சீனி சொல்லிப் பார்ப்பதே நல்லது.

வயது 52, எடை 94 கிலோ. முழங்கால் நோவு. ஓடினால்தான் பலன் என்று மகன் சொல்கிறான். ஓடவா?
– வாசகர், கிண்ணியா

ஓட வேண்டாம், தம்பி. 29 வருடம் பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்தவன் நான். என்னோடு படிப்பித்த ஒருவர் உங்கள் எடைதான் இருந்தார். ஆர்வத்தோடு வந்தவரை முதல் நாளே மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தேன். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதோடு சப்பாத்தைக் கழற்றி வைத்தவர்தான். பிழை என்னுடையது. அவருடைய உடம்பைப் பார்த்துத் தொடங்காமல் என் உடம்பை நினைத்துத் தொடங்கினேன். இன்றும் அது மனதை அரிக்கிறது.

மூச்சு வாங்கினால் போதும், அது ஓட்டத்தால்தான் வாங்க வேண்டும் என்று நெஞ்சுக்குக் கட்டாயம் இல்லை. சைக்கிள் இருந்தால் எடுங்கள். ஆசனத்தை உயர்த்தி, மிதி கீழே போகும்போது கால் கொஞ்சம் மட்டும் மடிந்திருக்குமாறு வையுங்கள், முழங்காலில் சுமை குறையும். கச்சான் காற்றுக்கு எதிரே இரண்டு நிமிடம் மிதித்தாலே நான் சொல்லும் வேகம் வந்துவிடும். வெயில் ஏறுமுன், காலையில் வெள்ளன முடித்துவிடுங்கள். கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் ஆவணி வரை இடுப்பளவு தண்ணீரில் நடப்பது இன்னும் நல்லது. அங்கே கால் தாங்கும் பாரம் பாதியளவுக்குக் குறைந்துவிடும், தண்ணீரைத் தள்ளுவதால் உழைப்போ கூடும். தனியே இறங்காதீர்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு கரையும், வேகமாக நடந்தால் கரையாது என்று ஜிம்மில் சொன்னார்கள். எனக்கு 29 வயது, வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையா?
– வாசகர், உவர்மலை

பாதி உண்மை. மெதுவாக நடக்கும்போது உடம்பு எரிப்பதில் கொழுப்பின் பங்கு கூட. ஆனால் எரிவதே கொஞ்சம்தான். சின்ன வலையில் விழுந்த ஐந்து மீனில் நான்கு பாரை என்று சந்தோஷப்படுவது போன்றது அது. அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வேகமாக நடப்பவருக்கே மொத்தச் செலவு கூட, நெஞ்சுக்கும் பலன் கூட. உங்களுக்குக் கால் நோவும் இல்லை, மேடும் வாசலிலேயே இருக்கிறது. நாளைக் காலை கீழிருந்து ஒரு தரம் நிற்காமல் ஏறிப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.