சுவரிலிருந்து நீளும் இரும்புக் குழாய் எவ்வளவு தாழும்?

சென்னைக் கடலோரக் காசிமேட்டிலுள்ள கடைச் சுவரிலிருந்து 1 மீட்டர் நீட்டிய சதுரக் குழாயின் (50×50 மி.மீ., தகடு 3 மி.மீ.) நுனியில் 50 கிலோ தொங்கவிட்டால் எவ்வளவு தாழும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாழ்வு = விசை × நீளம்³ ÷ (3 × யங் குணகம் × குறுக்குவெட்டின் இரண்டாம் திருப்புத்திறன்). யங் குணகம் என்பது பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு; இரண்டாம் திருப்புத்திறன் என்பது குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு.

50 கிலோ என்பது சுமார் 490 நியூட்டன். எஃகின் யங் குணகம் சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன். இரண்டாம் திருப்புத்திறன் (50⁴ − 44⁴) ÷ 12 (44 என்பது குழாயின் உட்புற அகலம்), அதாவது ஏறத்தாழ 2,08,500 மி.மீ.⁴. விடை 3.9 மி.மீ. குழாயின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை, அது சொற்பம்.

நீளத்தில்தான் கவனம் வேண்டும். ஒன்றரை மீட்டராக்கினால் தாழ்வு 13 மி.மீ.க்கு மேல் போய்விடும், ஏனென்றால் தாழ்வு நீளத்தின் கனத்துக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடுகிறது. அதே எடையைக் குழாய் நெடுகப் பரப்பினால் 1.5 மி.மீ. மட்டுமே.

உங்கள் பகுதியில் நான் உண்மையில் அஞ்சுவது உப்புக்காற்றை. வெளிப்புறம் துருவேறித் தகடு 2 மி.மீ. ஆகிவிட்டால் அதே சுமைக்கு 6.3 மி.மீ. தாழும். துத்தநாகம் பூசிய குழாயையே வாங்குங்கள்.

இந்தக் கணக்கு, சுவருக்குள் இருக்கும் முனை சற்றும் அசையாது என்று வைத்துப் போட்டது. பழைய செங்கல் சுவர் அப்படிப் பிடித்துக்கொள்ளாது. அங்கே தாழ்வு கூடும். கான்கிரீட் தூணில் பதிக்க வழியிருந்தால் அதில் பதியுங்கள்.