கடைவீதியை இடிக்கும் முன் கணக்கெடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறு நகரங்களின் சாலைகளையும் போக்குவரத்தையும் பற்றியவை. பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருடைய பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு நகராட்சியின் மன்ற உறுப்பினர். எங்கள் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. நாற்பதடிக் கடைவீதியில் காலையும் மாலையும் நகரக்கூட முடிவதில்லை. வீதியை அறுபதடியாக அகலப்படுத்தத் தீர்மானம் கொண்டுவர எண்ணுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தீர்மானத்தைச் சற்று ஒத்திவைத்து, முதலில் நான்கு பேரை நோட்டுப் புத்தகத்துடன் வீதியில் உட்கார வையுங்கள். ஒரு சாதாரண வேலைநாள், ஒரு சந்தை நாள், ஒரு முகூர்த்த நாள் என மூன்று நாள்கள், காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை, எந்த வாகனம் எந்தத் திசையில் எத்தனை போகின்றன என்று கால் மணி நேரத்துக்கு ஒரு வரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடி மாதத்தில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு தை மாதக் கூட்டத்துக்குத் திட்டமிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

எண்ணியதை அப்படியே கூட்டக் கூடாது. ஒரு பேருந்தும் ஒரு மொபெட்டும் சாலையில் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. ஆகவே, ஒரு காரை 1 என வைத்து மற்ற வாகனங்களுக்கு மதிப்புக் கொடுக்கும் முறையை, சாலைகளுக்கான தர அளவுகளை வெளியிடும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. நகரச் சாலைகளுக்கான அதன் 1990ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி இருசக்கர வாகனம் 0.5 முதல் 0.75 வரை, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பேருந்தும் லாரியும் 2.2 முதல் 3.7 வரை, மொத்தப் போக்குவரத்தில் அந்த வாகனத்தின் பங்கு கூடக்கூட மதிப்பும் கூடும். கைவண்டிக்கு 2 முதல் 3 வரை கொடுத்திருக்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் மூட்டை ஏற்றிய ஒரு கைவண்டிக்குப் பின்னால் பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

அடுத்து, நாடாவைப் பிடித்து வீதியை அளந்து பாருங்கள். நாற்பதடி என்பது ஏறத்தாழ 12 மீட்டர். இரு பக்கமும் நடப்பவர்களுக்கு 1.8 மீட்டர் வீதம் ஒதுக்கினால் 8.4 மீட்டர் மிஞ்சும். இரு பக்கமும் பைக்குகளைச் சாய்வாக நிறுத்தினால் பக்கத்துக்கு 2 மீட்டர் போய், ஓடுவதற்கு 4.4 மீட்டர்தான் கிடைக்கும். எதிரெதிரே வரும் இரண்டு பேருந்துகள் அதில் விலக முடியாது. நிறுத்துவதை ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதித்தால் 6.4 மீட்டர் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் 2.6 மீட்டர் அகலமுள்ள இரண்டு பேருந்துகள் நிதானமாக விலகிச் செல்ல அது போதும். ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் என்று மாற்றினால் எந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் மனக்குறை இராது. பல ஊர்களின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நிறுத்தத்தை ஒழுங்குசெய்யாமல் சேர்க்கும் இருபதடி, சில மாதங்களிலேயே வண்டி நிறுத்துமிடமாகிவிடும், கட்டட முகப்புகளை இழந்தவர்களின் வழக்கு மட்டும் பல ஆண்டுகள் நடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெரிசல் வீதி முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரும்பாலும் அது சந்திப்பின் மூலையிலிருந்து முப்பது மீட்டருக்குள் பிறக்கிறது. அந்த முப்பது மீட்டரில்தான் ஆட்டோ நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பூக்கடை, இளநீர் வண்டி எல்லாம் இருக்கும். பேருந்து நிறுத்தத்தைச் சந்திப்புக்கு முன்னால் வைக்காமல், சந்திப்பைத் தாண்டி நகர்த்தினாலே பாதித் தொல்லை குறையும். மூலையில் இருக்கும் ஒரு சுவரையோ விளம்பரப் பலகையையோ அகற்றி, வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும்படி செய்ய ஆகும் செலவு, அகலப்படுத்தும் செலவில் மிகச் சிறு பங்குதான். சரக்கு லாரிகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் மட்டுமே சரக்கிறக்க வேண்டும் என்று வணிகர் சங்கத்துடன் பேசி முடிவுசெய்து, அதை ஆட்சியரிடம் முறையாக வேண்டி ஆணையாகப் பெறுங்கள். இவை அனைத்தையும் செய்த பின்னும் கணக்கு இடித்தால், அப்போது அகலப்படுத்துவதைப் பேசலாம்.

கேள்வி: சாலையில் பள்ளம் என்று நகராட்சிக்கு மனு கொடுத்தால் அது எங்கள் சாலை அல்ல என்கிறார்கள், நெடுஞ்சாலைத் துறையும் அதையே சொல்கிறது. யாரிடம்தான் போவது?

பதில்: மைல் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் நுழைந்ததும் கல் இல்லாமல் போகும் என்பதால், ஊர் எல்லைக்கு வெளியே உள்ள கடைசிக் கல்லைத் தேடுங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் எல்லாமே தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடம் இருப்பதில்லை. பலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பராமரிக்கிறது. மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. மற்ற தெருக்கள் நகராட்சி அல்லது பேரூராட்சியைச் சேர்ந்தவை.

இன்னும் ஐயம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, “இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையுள்ள சாலை எந்த அலுவலகத்தின் பராமரிப்பில் உள்ளது?” என்று இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், 30 நாள்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். விபத்து நடக்கும் இடம் என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுவது இன்னும் நல்லது. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, உள்ளாட்சி ஆகிய துறைகளின் அலுவலர்கள் ஒரே மேசையில் உட்காருவதால் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பிக்க முடியாது.

கேள்வி: எங்கள் பள்ளி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகள் கடக்கும்போது நெஞ்சு பதறுகிறது. வேகத்தடை கேட்டு மறுக்கப்பட்டதால், பெற்றோர்கள் தாங்களே சிமெண்டால் ஒன்று போட்டுவிடலாம் என்கிறார்கள். தலைமையாசிரியர் என்ற முறையில் என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்ய விடாதீர்கள். இரவில், வெள்ளைக் கோடோ விளக்கோ இல்லாத மேட்டில் ஏறி விழுபவர் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார். வேகத்தடைக்கு ஓர் அளவு இருக்கிறது: மேல்பக்கம் வில்போல் வளைந்து 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருந்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் குலுங்காமல் கடக்கும். அதற்கு மேல் வந்தால்தான் குலுக்கும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம் தெருக்களில் போடப்படும் ஓரடி அகல மேடு வேகமாக வருபவரையும் மெதுவாக வருபவரையும் ஒரே மாதிரி தண்டிக்கிறது. கருவுற்ற பெண்ணையும் ஆம்புலன்சில் போகிறவரையும் கூடுதலாகத் தண்டிக்கிறது.

நெடுஞ்சாலையின் குறுக்கே வேகத்தடை போடுவதை விதிகள் ஏற்பதில்லை. ஆனால், நெடுஞ்சாலையில் வந்து சேரும் கிளைச் சாலையில், சேருமிடத்துக்குச் சற்று முன் போடலாம். உண்மையில் அதற்கு உரிய இடமே அதுதான். நெடுஞ்சாலையில் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: கடக்குமிடத்தில் சாலையின் நடுவே பிள்ளைகள் நின்று மூச்சு வாங்க ஒரு நடுத்திட்டு, வாகனங்களை வளைந்து வரச் செய்யும் பேரிகார்டுகள், அதிர்வுக் கோடுகள், உயர்ந்த விளக்கு. பள்ளியின் பக்கத்துச் சந்தில் ஒரு வாயில் திறக்க முடியுமா என்றும் பாருங்கள். வாயில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருப்பதுதான் பல பள்ளிகளில் முதல் சிக்கல். அதை மாற்ற எந்தத் துறையின் அனுமதிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

மனுவில் உணர்ச்சியைவிட எண்ணிக்கை பலன் தரும். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அதை விபத்துக் கரும்புள்ளியாகக் கொள்ள வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை. அந்த எண்ணிக்கை காவல் நிலையத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர்; விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு 64,105 என நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது தமிழ்நாடுதான். உங்கள் பதற்றம் வீண் பயம் அல்ல.

கேள்வி: நான்கு சாலை சந்திப்பில் தலைவர் சிலை இருக்கிறது. அங்கே சிக்னல் வைப்பதா, ரவுண்டானா அமைப்பதா?

பதில்: எல்லாப் பக்கமிருந்தும் சேர்த்து மணிக்கு 3,000 வாகனங்கள் வரை ரவுண்டானா தாங்கும் என்பது பொதுவான கணக்கு, பெரும்பாலான சிறு நகரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும். ஆனால் சிலை நிற்கும் மேடை ரவுண்டானா ஆகிவிடாது. சுற்றி வளைந்து செல்லப் போதிய இடமும், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடும் பழக்கமும் வேண்டும். இடமில்லையென்றால் சிக்னல்தான் வழி.

கேள்வி: கடைவீதியை ஒழுங்குசெய்யப் போகிறோம் என்கிறார்கள். இருபது ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். என்னை அகற்றிவிடுவார்களா?

பதில்: சட்டம் உங்கள் பக்கத்திலும் இருக்கிறது அம்மா. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, முதலில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும்; அது முடிந்து விற்பனைச் சான்று வழங்கும் வரை, ஏற்கெனவே விற்பவரை அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இவற்றை மேற்பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நகராட்சி அலுவலகத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

திட்டமிடுபவர்களுக்கும் ஒரு சொல். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரையிலான வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும் என்பது சட்டத்தின் அளவுகோல். 40,000 பேர் உள்ள ஊரில் அது 1,000 பேர். பேருந்து நிலையத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, யாரும் நடக்காத இடத்தில் கொட்டகை போட்டுக் கொடுத்தால், ஒரே வாரத்தில் எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஜனம் நடக்கும் இடத்தில்தான் பழம் விற்கும்.

கேள்வி: எங்கள் ஊர் கோயில் ஊர். நான்கு ரத வீதிகளையும் ஒருவழிப் பாதையாக்க யோசிக்கிறார்கள். வீதி நடுவே தடுப்புச் சுவரும் கட்டப்போகிறார்களாம். இது சரியா?

பதில்: ஒருவழி என்பது நல்ல யோசனை. கோயிலைச் சுற்றிச் சதுரமாக அமைந்த வீதிகள் இயல்பாகவே ஒரு சுற்றுப்பாதை; முன்னோர் தேருக்காக அமைத்தது இன்று பேருந்துக்கும் உதவுகிறது. நகரப் பேருந்து எந்த வீதியில் நிற்கும், முதியவர் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை முடிவுசெய்துவிட்டு, ஒரு மாதம் மணல் மூட்டைகளையும் பேரிகார்டுகளையும் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும்.

தடுப்புச் சுவர் வேண்டாம். தேரோட்டத்தன்று அதை என்ன செய்வார்கள் என்று யாராவது கேட்டார்களா? கழற்றி வைக்கக்கூடிய தடுப்புகள் போதும். வேகத்தடைகளையும் வடிகால் மூடிகளையும் போடுவதற்கு முன், தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்களை ஒருமுறை கலந்து பேசுவது நல்லது. அந்த வீதியின் மேடுபள்ளம் எந்தப் பொறியாளரைவிடவும் அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: புதுச் சாலை போட்ட ஆறாம் மாதம் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து, வீடு தாழ்ந்துவிட்டது.

பதில்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளம் போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே தமிழகத் தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். ஒப்பந்தப் பணி தொடங்கும் நாளில், சுரண்டும் இயந்திரம் வந்திருக்கிறதா என்று வார்டு மக்கள் கூடும் பகுதி சபையின் சார்பில் நேரில் பாருங்கள். வரிசை இதுதான்: பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பத்தை ஓரமாக்குதல், மழைநீர் வடிகால், நடைபாதை, கடைசியாகத்தான் தார். திறப்பு விழாவுக்கு ஏற்றது தார்ச்சாலை என்பதால் அது முதலில் வந்துவிடுகிறது.

கேள்வி: ரயில்வே கேட்டில் நாளுக்கு இருபது முறை நிற்கிறோம். மேம்பாலம் கேட்டு எத்தனையோ மனுக்கள் கொடுத்தாயிற்று.

பதில்: ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகன அலகுகளின் (வாகனங்களை வகைக்கேற்ப மதிப்பிட்டுக் கூட்டியது) எண்ணிக்கையையும் பெருக்கி வரும் தொகை 1,00,000-ஐத் தாண்டினால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாக ஏற்று மேம்பாலம் கட்டலாம் என்பது நெடுநாளைய விதி. உங்கள் கேட்டில் 20 ரயில்கள் என்றால் 5,000-க்கு மேல் வாகன அலகுகள் வேண்டும். கணக்கெடுப்பு எப்போது நடந்தது, எந்த நாளில் நடந்தது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்திருந்தால் மறுகணக்கெடுப்புக் கோரலாம்.

தொகை எட்டாவிட்டால் சுரங்கப்பாதைதான் தருவார்கள். அப்போது வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, தேங்கும் மழைநீர் எந்த ஓடைக்குப் போகிறது என்பதை. மோட்டார் வைத்து இறைப்போம் என்று பதில் வந்தால், அந்த மோட்டாருக்கு யார் மின்கட்டணம் கட்டுவார்கள், இரவு மழையில் யார் அதை ஓட்டுவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் இசைவு தராதீர்கள்.