ஸ்டீம் டெக்கில் (கையடக்க விளையாட்டுக் கருவி) எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் போட்டேன், திரை சாய்ந்து நிற்கிறது, டச் வேறெங்கோ விழுகிறது, அப்டேட்டுக்குப் பிறகு எல்லாமே காணோம். என்ன செய்வது?

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எக்ஸ்எஃப்சிஇ மேல் பழி போட வேண்டாம்.

முதலில் சாய்வு. டெக்கின் திரை உண்மையில் 800 × 1280, அதாவது போன் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் திரை. டெக்கோடு வரும் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவில் அதைத் திருப்பி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்எஃப்சிஇக்கு அது தெரியாது. டிஸ்ப்ளே அமைப்பில் ரொட்டேஷனை 'ரைட்' ஆக்குங்கள், படம் நேராகிவிடும்.

ஆனால் டச் நேராகாது. எக்ஸ்எஃப்சிஇ ஓடும் எக்ஸ்11 என்ற திரை அமைப்பில் படத்தைத் திருப்பினால் விரல் படும் இடத்தின் கணக்கும் கூடவே திரும்பிவிடுவதில்லை. டெர்மினலில் எக்ஸ்இன்புட் (xinput) கட்டளை காட்டும் பட்டியலில் டச் திரையின் பெயரைப் பார்த்து, அதன் 'கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸ்' மதிப்பை 0 1 0 -1 0 1 0 0 1 என்று கொடுங்கள். ரைட் திருப்பத்துக்கு இதுதான். லாகின் செய்யும்போதெல்லாம் போய்விடும் என்பதால் ஆட்டோஸ்டார்ட்டில் போட்டு வையுங்கள். அங்கேயே ஸ்டீம் செயலியையும் சேர்த்துவிடுங்கள். அது ஓடாவிட்டால் ஸ்டீம் பட்டனோடு எக்ஸ் பட்டனை அழுத்தினாலும் திரையில் கீபோர்டு வராது.

அடுத்து, காணாமல் போனது. டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸின் ரூட் பகுதி, அதாவது சிஸ்டம் கோப்புகள் இருக்கும் இடம், படிக்க மட்டுமே. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பேக்மேனில் எதையாவது போடத்தான் அந்தப் பூட்டைத் திறந்திருப்பீர்கள். அப்டேட் வரும்போது ரூட் முழுக்கப் புதிய இமேஜாக (சிஸ்டத்தின் முழு நகல்) மாறிவிடுகிறது, அதில் நீங்கள் போட்ட பேக்கேஜ்கள் இருக்காது. உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் பேனல், தீம், ஆட்டோஸ்டார்ட் எல்லாம் பத்திரம். பேக்கேஜ்களை மட்டும் மறுபடி போட வேண்டும். பூட்டைத் திறப்பது, பேக்கேஜ்கள் நம்பகமானவையா என்று சரிபார்க்கும் பேக்மேன் கீகளைத் தயார் செய்வது, பேக்கேஜ்களை இறக்குவது என மூன்றையும் ஒரு ஸ்கிரிப்டாக ஹோமில் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதை ஓட்டினால் போதும். கீ பிழை வந்தால் ஆர்ச் (ஸ்டீம்ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான லினக்ஸ்), ஹோலோ (ஸ்டீம்ஓஎஸ்ஸுக்கே உரிய பேக்கேஜ்கள்) இரண்டின் கீகளையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள். ரூட்டுக்கு ஒதுக்கியிருப்பது சுமார் 5 ஜிபிதான், ஆகவே கூடுதல் பொருட்கள் வேண்டாம்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? விளையாட்டு வேகமாக ஓடும் என்று நினைத்துச் செய்தீர்களென்றால் பயனில்லை. கேம் மோடில் பிளாஸ்மாவே ஓடுவதில்லை, அங்கே விளையாட்டைத் திரையில் காட்டுவது கேம்ஸ்கோப் என்ற தனி மென்பொருள். டெஸ்க்டாப்பை மாற்றினால் அங்கே ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. 16 ஜிபி ராம் உள்ள கருவியில், மிச்சம் பிடிக்க வேண்டிய அளவுக்கு பிளாஸ்மா ராமைத் தின்பதும் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ பழகிய கைக்குப் பிடித்திருக்கிறது என்றால் அது வேறு, தாராளமாக வையுங்கள்.

அப்புறம், அடுத்த முறை கருப்புத் திரையில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். அணைத்துவிட்டு, மூன்று புள்ளி பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரை அழுத்துங்கள். வரும் மெனுவில் முந்தைய இமேஜைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.