குளிர்காலத்தில் பெரிய ஆறு உறைந்தால் கப்பல் போக்குவரத்து நின்றுவிடுமா?

கேட்ட தம்பி காரைக்குடிக்காரர், கப்பல் இன்ஜினியர் ஆகப் போகிறவர். எனக்கு தேவகோட்டை. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை வைத்தே சொல்கிறேன்.

ஆற்றங்கரைத் துறைமுக நகரமான மான்ட்ரியலுக்கு மேலே, அதாவது ஆறு வரும் பக்கம், பெரிய ஏரிகளுக்குப் போகும் வழி நிற்கும். 1959-இல் திறந்த, கடல்வழி (Seaway) என்று பெயர்கொண்ட அந்தப் பாதையை டிசம்பர் கடைசிவாக்கில் மூடினால் மார்ச் கடைசியில்தான் திறப்பார்கள். மான்ட்ரியலுக்குக் கீழே, கடல் பக்கம், 1964 முதல் வருடம் முழுக்கக் கப்பல் ஓடுகிறது.

நம் பக்கம் பார்த்துப் பழகியது ஊருணியும் கண்மாயும். அதனால் உறைவது என்றதும், நிற்கிற தண்ணீரின் மேல் தட்டாக இறுகுவது என்றே நினைத்துக்கொள்கிறோம். ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் புரண்டுகொண்டே இருக்கும். மேலிருந்து அடிவரை குளிர்ந்து, பூஜ்யம் டிகிரிக்குச் சற்றே கீழே இறங்கியதும் தண்ணீருக்குள்ளேயே பொடிப்பொடியாகப் பனி பிறக்கும். தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இன்ஜின் அறையில் வேலை பார்த்தவனுக்குத் தடித்த பாளத்தைவிட இந்தப் பனிக்கூழ்தான் பயம். இன்ஜினைக் குளிர்விக்க வெளித் தண்ணீரைத்தானே உள்ளே இழுக்கிறோம்? கூழ் போய் வடிகட்டியை அடைத்தால், பம்ப் அழுத்தம் காட்டும் முள் முதலில் நடுங்கும், அப்புறம் இறங்கும். பின்னாலேயே இன்ஜின் சூடு ஏறும். வடிகட்டி மூடியைக் கழற்றினால் உள்ளே ஈரப்பனி கெட்டித்துக் கிடக்கும். கையால்தான் அள்ள வேண்டும், விரல் மரத்துப்போகும். இதைத் தவிர்க்க, இன்ஜினைச் சுற்றிவந்த சுடுதண்ணீரை வெளியே விடாமல் வெளித் தண்ணீர் முதலில் வந்து சேரும் உறிஞ்சும் பெட்டிக்கே திருப்பி விடுவோம்.

பனியுடைப்புக் கப்பல்களுக்கு உடைப்பதைவிடப் பெரிய வேலை, உடைந்ததைத் தேங்காமல் ஓட வைப்பது. குறுகலில் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் குவிந்து ஆற்றையே மறிக்கும், வெள்ளம் கரையேறும். அதே ஆறு அகன்று ஏரியாக விரியும் செயின்ட் பியர் ஏரியில் மிதவைத் தடுப்பு கட்டி, ஓரத்துப் பனியை ஓரத்திலேயே நிறுத்துகிறார்கள். வேகமாகப் போனால் கப்பல் அலையே அதைப் பெயர்த்துக் கப்பல்பாதையில் தள்ளிவிடும். அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும்.

தம்பி, அப்படியொரு ஆற்றுக்குப் போக நேர்ந்தால், நுழையும் முன்பே சுடுதண்ணீரைத் திருப்பிவிடும் அந்த வால்வை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிக் கிடக்கும். பனிக்குள் போன பிறகு அதோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.