ஐஸ்லாந்துக்குப் போய் நாள்கணக்கில் குதிரைச் சவாரி செய்ய எவ்வளவு பயிற்சி வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம் கியோலுர் பாதையில் ஆறு நாள் சவாரி போய் வந்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகியிருந்தேன். மைதானத்தை ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற சவாரி. அது போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை.

லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்று இரண்டு பெரிய பனிப்பாளங்கள். அவற்றுக்கு நடுவே தீவின் தெற்கையும் வடக்கையும் சேர்க்கும் பழைய வழிதான் கியோலுர். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நாளுக்கு முப்பது, நாற்பது என்று போவோம். மரம் என்று ஒன்று கிடையாது. கல், மணல், ஆறு, காற்று, அவ்வளவுதான். ராத்திரி தங்க ஆங்காங்கே குடில்கள் இருக்கின்றன.

பயிற்சிக்கு முன்னால் பெட்டி கட்டும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதலில் மாட்டிக்கொண்டது அதில்தான். ஐஸ்லாந்துக்குள் வெளிக் குதிரையைக் கொண்டுவர முடியாது. சுமார் ஆயிரம் வருடமாக இதுதான் வழக்கம். அங்கே பிறந்த குதிரையே ஒருமுறை வெளிநாட்டுக்குப் போய்விட்டால் திரும்ப அனுமதி இல்லை. இப்படித் தனித்து வளர்ந்ததால் அந்தக் குதிரைகளுக்கு வெளி நோய்களைத் தாங்கும் சக்தி குறைவு. 2010இல் ஒரு இருமல் நோய் நாடு முழுக்கப் பரவி, அந்த வருடம் நடக்க வேண்டிய தேசியக் குதிரைத் திருவிழாவையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் பயன்படுத்திய சேணம், கடிவாளம், சவாரிக் கையுறை எதையும் கொண்டுபோகக் கூடாது. சவாரி உடையை நன்றாகத் துவைத்து, பூட்ஸைக் கிருமிநாசினி போட்டுச் சுத்தம் செய்து, காயவைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். நான் என் பழைய தோல் கையுறையைப் பெட்டியில் வைத்திருந்தேன். ஏற்பாட்டாளர் அனுப்பிய மின்னஞ்சலைக் கடைசி நாளில் படித்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு அவிழ்த்து வெளியே எடுத்தேன்.

சரி, சவாரிக்கு வருவோம். அங்கே ஆளுக்கு ஒரு குதிரை கிடையாது. சவாரி செய்பவர்கள் பதினைந்து பேர் என்றால், கூடவே அறுபது எழுபது குதிரைகள் சேணமில்லாமல் மந்தையாக ஓடி வரும். முன்னால் சிலர், பின்னால் சிலர், நடுவில் மந்தை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கி, ஒரு நீளக் கயிற்றை ஆளுக்கொரு இடத்தில் இடுப்பளவில் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்க வேண்டும். அதுதான் பட்டி! எழுபது குதிரைகளும் அந்த ஒற்றைக் கயிற்றுக்கு மரியாதை கொடுத்து உள்ளேயே நிற்கும். குழுத்தலைவி உள்ளே நுழைந்து, யாருக்கு எது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் தருவார். வியர்த்த குதிரையிலிருந்து சேணத்தை அவிழ்த்துப் புதுக் குதிரைக்குக் கட்டிவிட்டு, மறுபடி கிளம்ப வேண்டியதுதான்.

இதில் உள்ள சூட்சுமம் மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. குதிரைக்கு மாற்று இருக்கிறது, நமக்கு இல்லை. நமக்குக் கீழே எப்போதும் புதுத் தெம்போடு ஒரு குதிரை ஓடிக்கொண்டிருக்கும். மேலே இருப்பது அதே களைத்த இடுப்பு, அதே உரிந்த முழங்கால். அதனால் நுணுக்கமான சவாரி வித்தையைவிட, தொடைக்கும் முதுகுக்கும் மூன்று மாதமாவது தொடர்ந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போங்கள். வாரத்தில் ஒருநாளாவது மூன்று மணி நேரம் இறங்காமல் சேணத்தில் இருந்து பாருங்கள்.

ஒரு ஆறுதல், அங்கத்திய குதிரைகளின் 'டோல்ட்' நடை. ஒரு காலாவது எப்போதும் தரையில் இருப்பதால் குலுக்கலே இருக்காது. பீர் நிறைந்த கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் ஓட்டிக் காட்டுவார்கள். குதிரை சிறியதுதான், தோள் உயரம் சுமார் 140 சென்டிமீட்டர். அதை 'போனி', அதாவது மட்டக்குதிரை, என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் முகம் மாறிவிடும்.

நான்காம் நாள் பெய்னஹோட்ல் பக்கம் போனோம். எலும்பு மேடு என்று அர்த்தம். 1780இல் ரெய்னிஸ்தாதுர் பண்ணையைச் சேர்ந்த சகோதரர்கள் இருவரும் கூடப் போனவர்களும், வாங்கிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு குளிர்காலத் தொடக்கத்தில் இந்த வழியே வந்து, பனிப்புயலில் மொத்தமாகச் செத்துப்போனார்கள். அந்தக் குடும்பத்தில் அதன்பிறகு யாரும் பச்சை உடுத்தக் கூடாது, வெளிர் மஞ்சள் குதிரையில் ஏறக் கூடாது, பிள்ளைக்கு பியார்னி என்று பெயர் வைக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. இதைக் கேட்டபோது நான் பச்சை மழைக்கோட்டில், வெளிர் மஞ்சள் குதிரைமேல் உட்கார்ந்திருந்தேன். "உன் பெயர் பியார்னி இல்லையே, பயப்படாதே" என்றார் குழுத்தலைவி.

அன்று மாலை குவெராவெட்லிர் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் இறங்கியவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஆட்டுக்கறி சூப் கிடைக்கும். அப்புறம் கருவாடு, அதில் வெண்ணெய் தடவித் தின்கிறார்கள், நம்பித் தின்னலாம். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு நாளும் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான்.

கையுறையை ரெய்க்யாவிக்கில் புதிதாக வாங்கினேன், விலை கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அது இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் ஊர்க் குதிரைக்கு உள்ள அதே சட்டம்.