பனிக்கு முன் குச்சி நட எது நல்ல நேரம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தாழ்வான இடத்தில் எங்கள் வீடு. ஜூன் உறைபனியில் ஜெரேனியமும் செம்பருத்தியும் கருகிவிடுகின்றன. மே மாதம் குச்சி வெட்டி வைத்தால் அதுவும் அழுகுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மே மாதம் ரொம்பப் பிந்திவிட்டது. வேர்விட மண் 20 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மண் குளிர்ந்தால் வேருக்கு முன் அழுகல் முந்திக்கொள்ளும். மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் நடுவுக்குள் வெட்டிவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் என்று சொல்லும் புத்தகங்கள் வட அரைக்கோளத்துக்கு எழுதியவை.

இரண்டையும் ஒரே மாதிரி நட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜெரேனியம் தென்னாப்பிரிக்காவின் சொந்தச் செடி, தண்டில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். பூவும் மொட்டும் இல்லாத 8 முதல் 10 செ.மீ. நுனியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். மேலே இரண்டு மூன்று இலை போதும். கணுவில் ஒட்டியிருக்கும் சின்னச் செதில்களையும் கிள்ளிவிடுங்கள், அவை ஈரத்தில் அழுகி தண்டையும் கெடுக்கும். வெட்டுவாய் காய, சில மணி நேரம் நிழலில் வைத்துப் பிறகு நடுங்கள். பிளாஸ்டிக் போட்டு மூடவே கூடாது. அடித்தண்டு கறுத்துக் குழைந்தால் பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமிதான். குச்சியை மண்ணோடு எறிந்துவிடுங்கள்.

செம்பருத்தி இதற்கு நேர்மாறு. பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையில் 10 முதல் 15 செ.மீ. எடுத்து, இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். வேரூக்கிப் பொடியில் தொட்டு உடனே நட்டு, இலையில் படாதபடி பிளாஸ்டிக் பையால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். பூஜைக்குப் பறிக்கும் ஒற்றையடுக்குச் சிவப்பு எளிதாகப் பிடிக்கும், பெரிய பூக்களுள்ள கலப்பின வகைகள் அடம்பிடிக்கும்.

இரண்டுக்கும் கழுவிய ஆற்றுமணலும் தேங்காய் நார்த்தூளும் சம பங்கு. கடல்மணல் வேண்டாம், உப்பு. உரமும் இப்போது வேண்டாம்.

ஜெரேனியம் மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். செம்பருத்திக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், அதனால் அதை முதலில் வெட்டுங்கள். வேர்விட்டதும் வடக்குப் பார்த்த சன்னலோரம் வையுங்கள், இங்கே குளிர்கால வெயில் அந்தப் பக்கம்தான். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

கருகிய தாய்ச்செடியை ஜூலையில் வெட்டாதீர்கள். காய்ந்த நுனிகள் உள்கிளைகளுக்குப் போர்வை, வெட்டினால் வரும் இளந்தளிரை அடுத்த பனி கொன்றுவிடும். பனி முழுதும் ஓய்ந்து துளிர் தெரிந்தபின் வெட்டுங்கள்.